ஊர்வசிக்கு வயதாகவில்லையே, ஏன்?

கேள்வி: வெளிநாட்டில் தொண்ணூறுகளின் ராக் பாட்டையும் அதன் பேண்டையும் இன்னும் கொண்டாடுகிறார்கள். நம்மிடம் அப்படி என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், பெண்ணாடம்

பதில்: 'காதலன்' (1994) படத்தின் 'ஊர்வசி ஊர்வசி' இருக்கிறது. சினிமாப் பாட்டில் பேண்ட் எங்கே வந்தது என்பீர்கள். இதற்கு இசையமைத்த ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவுக்கு வருமுன் சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரோடு சென்னையில் 'ரூட்ஸ்' என்ற குழுவில் கீபோர்டு வாசித்தவர். ஊர்வசியைப் பாடிய மூவரில் சாகுல் ஹமீது நீங்கலாக மற்ற இருவரும் அந்தக் குழுக்காரர்கள்தான். நம் ஊரில் பேண்டுகள் கலைவதில்லை, கோடம்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடும். அந்தப் படத்தில் தேசிய விருது வாங்கித் தந்தது உன்னிகிருஷ்ணன் பாடிய 'என்னவளே'. மெட்டு என்று பார்த்தால் அதுதான் உசத்தி. ஆனால் அதில் ஒரு வரியை மாற்ற யாருக்கும் மனசு வராது. ஊர்வசியிலோ மாற்றாமல் இருக்கக் கை வராது. வைரமுத்து கட்டிய அமைப்பு அப்படி: ஒரு சின்னக் கஷ்டத்தைச் சொல், போகட்டும் விடு என்று அடுத்த கஷ்டத்துக்குத் தாவு. கொலுப்படி அதேதான், பொம்மைகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். 2016-இல் பணமதிப்பு நீக்கம் வந்த கையோடு, எம்டிவி அன்பிளக்டு நிகழ்ச்சிக்காக ரஹ்மான் ரசிகர்களிடமே புது வரிகள் கேட்டு வாங்கினார். செல்லாத நோட்டும் அமெரிக்கத் தேர்தலும் உள்ளே வந்து உட்கார்ந்தன. மெட்டு முகம் சுளிக்கவில்லை.

கேள்வி: அந்தப் பாட்டுக்கு ஆடிய பிரபுதேவாவின் கால்களுக்கும் நாற்பது தாண்டியவர்களின் மலரும் நினைவுகளுக்கும் தத்துவம் கற்பிக்கிறீர்களே! பெண்களைச் சீண்டும் வரிகளையும் சேர்த்தா கொண்டாடுவது?
– ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: 1994-இல் அந்தக் கால்கள் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2014-இல் அமெரிக்க ராப் பாடகர் வில்.ஐ.ஆம், கோடி வைசோடு சேர்ந்து இதே மெட்டை எடுத்து 'இட்ஸ் மை பர்த்டே' என்று வெளியிட்டபோது அதில் பிரபுதேவா இல்லை. பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 'காதலன்' படத்துக்கு கியூவில் நின்ற ஞாபகம் லண்டன் பையனுக்கு ஏது? வில்.ஐ.ஆமும் தம் சொற்களைத்தான் அதில் ஏற்றிக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். சீண்டல் வரிகளைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். அவை அன்றைக்கே அசட்டுத்தனம். கழற்றிப் போட்டாலும் பாட்டு நொண்டாது என்பதுதான் என் கட்சி. எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்கிற பாட்டுக்குச் சொந்தச் சரக்கு கிடையாது என்று அடுத்து மடக்கலாம். அப்படியானால் தெம்மாங்கையும் தள்ளிவைக்க வேண்டும். நடவு வயலில் பாடியவர்கள் அன்றன்றைய ஊர்வம்பைச் சேர்த்துத்தானே பாடினார்கள்? பெண்ணாடம் பக்கம் இன்றைக்கு யாராவது ஊர்வசிக்குப் புது அடி கட்டினால் கரும்பு நிலுவைத்தொகைதான் முதல் வரியாக வரும். 'போகட்டும் விடு' என்று அதை முடிக்க மட்டும் எந்த விவசாயியும் சம்மதிக்கமாட்டார்.