‘பாத்துடலாம் சார்’: ஒன்பதாம் விடை பற்றி ஓர் ஆய்வு

விடை எட்டு வகைப்படும் என்கிறது நன்னூல். சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்டுக்கொண்டதற்காகப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் செய்த இலக்கணம் அது. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் அந்த எட்டையும் மனப்பாடம் செய்தோம். தேர்வு முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் மறந்தோம். எட்டோடு கணக்கு முடியவில்லை, ஒன்பதாவதாக ஒரு விடை உண்டு, தமிழ்நாட்டு அலுவலகங்கள் இன்று அந்த ஒன்றால்தான் ஓடுகின்றன என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம் நான் வேலை பார்க்கும் இடம். பெயர் சொல்வதற்கில்லை, சம்பளம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது.

முன்னாய்வுகளை மதிப்பிடாத ஆய்வேட்டில் எந்த நெறியாளரும் கையெழுத்துப் போடமாட்டார் என்பதால் அந்தச் சடங்கைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ என்று கல்லூரிக்குக் கல்லூரி விற்பனையாகும் சரக்கு பிறந்த இடம் ஒன்றும் அவ்வளவு மென்மையானதல்ல. அமெரிக்க ராணுவம் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. இயந்திரங்களோடு மல்லுக்கட்டும் வேலை ஒரு வகை, ஆளோடும் காகிதத்தோடும் மல்லுக்கட்டும் வேலை இன்னொரு வகை என்று பிரித்து, பின்னதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார்கள். 1972 டிசம்பரில் டெக்சாஸில் உள்ள ஃபோர்ட் பிளிஸ் ராணுவத் தளத்தில் இதற்கென்று ஒரு மாநாடே கூட்டினார்கள். ராணுவத்தில் மேலதிகாரி கேட்கும் கேள்விக்கு விடை ஒரே வகைதான். ஆகவே அந்த மாநாட்டால் நமக்குப் பயனில்லை.

நன்னூலுக்கே திரும்புவோம். (எல்லாவற்றையும் நம் முன்னோர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள் என்னும் கட்சியில் நான் உறுப்பினன் அல்லன். பவணந்தியார் சொன்னது போதவில்லை என்று சொல்லத்தானே வந்திருக்கிறேன்.) “இந்த எக்செல் ஷீட்டைச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடுவீங்களா?” என்று மேலாளர் கேட்பதாகக் கொள்க. ‘முடிச்சுடறேன் சார்’ என்பது நேர்விடை. ‘முடியாது சார்’ என்பது மறைவிடை. ஷீட் எங்கே என்பதற்கு ‘ஷேர்டு டிரைவ்ல இருக்கு’ என்று காட்டுவது சுட்டுவிடை. அங்கே போய்ப் பார்த்தால் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் கரெக்டட்’ என்று மூன்று கோப்புகள் கிடக்கும். அது சுட்டுவிடையின் குற்றமன்று.

இம்மூன்றும் வெளிப்படை. மீதி ஐந்தும் குறிப்பால் பொருள் தருவன. ‘நீங்களே முடிச்சுடுங்களேன்’ என்பது ஏவல் விடை. இது மேலிருந்து கீழே மட்டும் பாயும். கீழிருந்து மேலே பாய்ச்சிப் பார்த்த ஒருவர் எங்களோடு இருந்தார். இருந்தார். ‘நான் முடிக்காம வேற யாரு சார் முடிப்பா?’ என்பது வினா எதிர் வினாதல். கேட்க வினாவாக இருந்தாலும் பொருள் ஒப்புதலே, குத்தல் இலவசம். ‘காலைலேர்ந்து சிஸ்டம் தொங்குது சார்’ என்றால் உற்றது உரைத்தல். ‘கடைசி கேப் போயிடும் சார்’ என்றால் உறுவது கூறல். மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. நடந்ததைச் சொன்னால் முன்னது, நடக்கப்போவதைச் சொன்னால் பின்னது. ஷீட் இரண்டிலும் வராது. எக்செல் கேட்டவரிடம் ‘பிபிடி ரெடி சார்’ என்பது இனமொழி விடை.

இந்த எட்டில் மறைவிடை மட்டும் அருகிவரும் இனம். அலுவலகச் சுவர்களுக்குள் அதை நான் காதால் கேட்டதில்லை. எதிர்ச்சாரி டீக்கடையில் அது கொழுகொழுவென்று உலாவுகிறது. “முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துடலாம்னு பாத்தேன்” என்று தினமும் ஒருவர் சொல்கிறார். பார்த்தார் என்பதே அங்கும் செய்தி. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மேலே போனதும் அவர் வாயிலிருந்து வருவது இதுதான்: “பாத்துடலாம் சார்.”

இச்சொல்லை எந்த வகையில் அடக்குவது? நேர்விடை என்று எண்ணி ஏமாந்தவர் ஏராளம். சொல்லைப் பிரித்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது. பார்த்து + விடலாம் என்பது பேச்சுவழக்கில் தேய்ந்து ‘பாத்துடலாம்’ ஆயிற்று. ‘விடு’ இங்கே துணைவினை. செயல் முடிந்தே தீரும் என்று உறுதி கூறுவது அதன் வேலை. ஆனால் முடிவில் நிற்கும் ‘-லாம்’ என்ன செய்கிறது என்று பாருங்கள். தமிழ் வினைமுற்று பொதுவாக ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘பார்க்கிறேன்’ என்றால் மாட்டிக்கொள்பவன் நான். ‘பார்ப்பார்கள்’ என்றால் அவர்கள். திணை, பால், எண், இடம் எல்லாம் விகுதியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘-லாம்’ மட்டும் எவரையும் காட்டிக்கொடுக்காத உத்தமன். நானும் பார்த்துவிடலாம், நீங்களும் பார்த்துவிடலாம், அடுத்த தளத்தில் இருப்பவர்களும் பார்த்துவிடலாம். காலமும் அதில் இல்லை. உறுதி இருக்கிறது, செய்யும் ஆளும் செய்யும் நாளும் இல்லை. இப்படி ஒரு வசதி வாய்த்த மொழியைப் பேசிக்கொண்டு ஒருவன் ‘முடியாது’ என்று ஏன் சொல்லவேண்டும்?

இன்னொரு நயமும் உண்டு. ‘விடு’ என்பதைத் துணைவினையாகக் கொள்ளாமல் முதல்வினையாகக் கொண்டால் ‘பார்த்து, விடலாம்’ என்றாகும். அதாவது ஒருமுறை பார்ப்போம், பிறகு விட்டுவிடுவோம். என் அனுபவத்தில் இந்த உரையே நடைமுறைக்கு நெருக்கமாக இருக்கிறது.

ஆகவே நேர்விடையின் உடம்பும் மறைவிடையின் உயிரும் கொண்ட இதற்கு ‘நேர்மறை விடை’ என்று பெயரிடுகிறேன். நேரும் மறையும் சேர்ந்தால் நேர்மறைதானே. ‘நேர்மறையாகச் சிந்தியுங்கள்’ என்று நம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடைதோறும் முழங்குவதை எங்கள் அலுவலகம்போல் கடைப்பிடிக்கும் இடம் வேறில்லை. ஈற்றில் வரும் ‘சார்’ தனித்து நிற்காது, முன்னுள்ள சொல்லைச் சார்ந்தே வரும் என்பதால் அதைச் சார்பெழுத்தோடு சேர்க்கலாமா என்று யோசித்து, நெறியாளருக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

இனி ஒலியியல். நேர்மறை விடையில் மறை எத்தனை பங்கு என்பதை மாத்திரை கொண்டு அளக்கலாம். நெடிலுக்கு மாத்திரை 2. ‘பாத்துடலாம்’ என்பதன் முதலெழுத்து அந்த 2 மாத்திரையோடு நின்றால் வேலை நாளை மறுநாளாவது நடக்கும். ‘பாஅத்துடலாம்’ என்று அளபெடுத்து 3 மாத்திரை ஆனால் இந்த வாரம் இல்லை. சொல்லும்போது கண் செல்பேசியில் இருந்தால் இந்தக் காலாண்டில் இல்லை. விடுப்புக் கேட்கப் போன நம்மிடம் மேலாளர் சொல்லும் ‘பாக்கலாம்’ எத்தனை மாத்திரை என்பதை அளக்க இலக்கணத்தில் கருவி கிடையாது.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளரைக் கேட்டுச் சிரிக்கட்டும். பயிற்சி வகுப்புகளில் தவறாமல் ஒரு வட்ட வரைபடம் காட்டுவார்களே, பேச்சில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று, அது இவர் கணக்கு. 1967இல் வெளியான இரண்டு ஆய்வுகளின் முடிவைச் சேர்த்துச் சொன்னது. விருப்பு வெறுப்பைச் சொல்லும் பேச்சுக்கு மட்டும்தான் இது பொருந்தும், எல்லாப் பேச்சுக்கும் அல்ல என்று அவரே சொல்லியும், பயிற்சியாளர்கள் காதில் அந்த விளக்கம் ஏறவில்லை. எனக்கு வேண்டியது வேறு. அந்த ஆய்வுகளில் ஒன்றில், பல குரல்களில் சொல்லவைத்துச் சோதிப்பதற்கு விருப்பும் வெறுப்பும் ஒட்டாத ஒரு சொல் தேவைப்பட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் ‘மேபி’. அதன் தமிழ், ‘பாக்கலாம்’. கலிஃபோர்னியாவில் ஆய்வுக்கூடத்தில் தேடிப் பிடித்த சொல் எங்கள் அலுவலகத்தில் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பத்துப் பேர் வாயில் புழங்குகிறது.

கேட்பவர் எதிரே இருக்கும்வரை நேர்மறை விடையால் எந்தத் தீங்கும் இல்லை. என் டீம் லீடருக்கு என் மாத்திரை அத்துப்படி. திருவள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்று ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறார். 71ஆம் அதிகாரம் அரசனின் மனத்தை முகம் பார்த்து அறிவது. 110ஆம் அதிகாரம் காதலியின் மனத்தை. இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்தும் என்று ஐயுறுபவர்கள் சம்பள உயர்வுப் பேச்சு நடக்கும் மாதத்தில் எங்கள் மாடிக்கு வந்து பார்க்கலாம்.

தீங்கு எழுத்தில் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. வாடிக்கையாளருக்கு அனுப்பவேண்டிய அறிக்கை அன்றே முடியுமா என்று டீம் லீடர் கேட்டார். நான் ‘பாஅத்துடலாம்’ என்றேன். அளபெடை சுத்தமாக விழுந்தது, அவரும் புரிந்துகொண்டு தலையை ஆட்டினார். மேலாளரிடம் போய் அவர் ‘பாத்துடலாம்’ என்றார். ஒரு மாத்திரை குறைந்தது. மேலாளர் அதை ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக்கி, ‘இ.ஓ.டி.க்குள் வந்துவிடும்’ என்று எழுதிவிட்டார். எழுத்தில் குரல் ஏது, முகம் ஏது? மெஹ்ராபியன் கணக்கைப் பயிற்சியாளர்கள் பாணியிலேயே தப்பாகப் போட்டுப் பார்த்தாலும் 93 விழுக்காடு வழியிலேயே கொட்டிவிட்டது. படி ஏற ஏற என் ‘இல்லை’ கொஞ்சம் கொஞ்சமாக ‘ஆமாம்’ ஆகி, கடல் தாண்டும்போது வாக்குறுதியாக நின்றது. சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கிருந்து போன் வந்தபோது, பொய் சொன்னவர் என்று எங்கள் மூவரில் ஒருவரையும் கைகாட்ட முடியவில்லை. அன்றிரவு கடைசி கேப்பும் போய்விட்டது. அதைச் சொன்னபோது அது உறுவது கூறலாக இல்லை, உற்றது உரைத்தலாக இருந்தது.

நிர்வாகம் யோசித்து, தகவல் தொடர்பில் இடைவெளி இருக்கிறது என்று முடிவு கட்டியது. விளைவு, இரண்டு நாள் மென்திறன் பயிற்சி.

மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று தரம் பிரித்ததும் நன்னூல்தான். எங்கள் கூடத்தில் அன்னத்தைக் காணோம். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளிகள் முன்வரிசையில் இருந்தன. சமோசா வந்ததும் ஆடுகள் அங்கங்கே மேயப் போயின. நான் நெய்யரி, நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசண்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் வடிகட்டி. அப்படிப் பிடித்ததில்தான் இந்தக் கட்டுரை. பயிற்சியாளர் நல்ல மனிதர். வட்ட வரைபடத்தைக் காட்டினார், கைகுலுக்கச் சொல்லிக்கொடுத்தார், பிற்பகலில் ‘துணிந்து நோ சொல்வது எப்படி’ என்று முழுசாக ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்யவேண்டுமாம். கடைசியில் மைக்கை எங்கள் பக்கம் நீட்டி, “நாளையிலேர்ந்து முடியாததை முடியாதுன்னு தைரியமா சொல்வீங்களா?” என்று கேட்டார்.

“பாஅத்துடலாம் சார்!” என்றது கூடம், ஒரே குரலில்.

அவர் முகம் மலர்ந்தது. அவருக்கு மாத்திரை தெரியாது.

பிறகு கருத்துப் படிவம் கொடுத்தார்கள். பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா என்று ஒரே கேள்வி. 1 முதல் 5 வரை கட்டம். படிவத்தில் அளபெடைக்கு இடமில்லை. எல்லோரும் 5இல் டிக் போட்டோம். பயிற்சிக்குக் கிடைத்த அமோக வரவேற்பை முன்னிட்டு அடுத்த காலாண்டில் இரண்டாம் கட்டம் நடக்கும் என்று நேற்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. இம்முறை நான்கு நாள், சனிக்கிழமைகளில்.