முதல் கார், முதல் கியர்

பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை வண்டி எத்தனை விநாடியில் தொடும் என்று ஷோரூம் தம்பி ஆரம்பித்தார். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சிரிக்காமல் சொல்லத் தனிப் பயிற்சி கொடுப்பார்கள் போலிருக்கிறது. டாம்டாம் என்ற நிறுவனம் ஆண்டுதோறும் உலக நகரங்களின் நெரிசலை அளக்கிறது. 2019 கணக்கில் நமக்குத்தான் முதலிடம். 2022இல் நகர மையத்தில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி. லண்டன் மட்டும்தான் நம்மைவிட மந்தம்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, நிக்கும்போது வண்டி எப்படி?"

"சார்?"

"சில்க் போர்டு சிக்னல். சாயந்திரம் ஆறரை மணி."

தம்பி மறுபேச்சு பேசாமல் என்னை ஆட்டோமேட்டிக் வண்டிகள் பக்கம் கூட்டிப்போனார்.

விலை முடிவானதும் ஓசூர் மாமா போன் செய்தார். "மாப்ளே, கர்நாடகாவுல வரி கொள்ளை. பேசாம நம்ம வீட்டு அட்ரஸ்ல டி.என். 70 போட்டுடுங்க." மாமா பழைய கணக்கில் இருக்கிறார். 10 லட்சம் வரையிலான காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 10 சதவீதமாக இருந்த காலம் 2023 நவம்பரோடு போயிற்று. இப்போது 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை அங்கே 13, இங்கே 14. போதாததற்கு, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த ஊர் நம்பருக்கு மாற்ற வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ஒரு சதவீதத்துக்காக மாநில எல்லையில், அத்திப்பள்ளியில், கண்ணாடியை இறக்கிக் கதை சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒன்பது லட்சம் ரூபாய்க் காருக்கு ஒண்ணேகால் லட்சம் வரி, அதற்கு மேல் செஸ். இவ்வளவும் ரோட்டில் ஓடுவதற்கு என்கிறார்கள். நிற்பதற்கு ஏதாவது தள்ளுபடி உண்டா என்று கேட்கத் தோன்றியது.

புது வண்டிக்குப் பூஜை போட கஸ்தூர்பா ரோட்டில் டிராபிக் கணபதி என்றே ஒரு பிள்ளையார் இருக்கிறார். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. "ஏறி நசுக்குங்க" என்றார் அர்ச்சகர். எங்கே ஏறுவது? முன்னால் ஒரு புது ஸ்கூட்டர், பின்னால் மாலை போட்ட ஒரு டெம்போ. பெயர்ப் பொருத்தம் பார்த்துத்தான் அந்தப் பிள்ளையாரை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்.

நான் வாங்கியது ஏ.எம்.டி. ரகம். நம் ஊரில் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் இது 2014இல் செலெரியோ காரோடு வந்தது. உள்ளே இருப்பது பழைய கிளட்சும் கியரும்தான். கிளட்சை மிதித்துக் கியர் மாற்றுகிற வேலையை மட்டும் ஒரு மோட்டார் பார்த்துக்கொள்கிறது. இடது முழங்காலுக்கு இதைவிடப் பெரிய தர்மம் கிடையாது. ஒரே ஒரு விஷயம்: ஒவ்வொரு கியர் மாறும்போதும் வண்டி ஒரு நொடி யோசிக்கும், உள்ளே இருப்பவர்கள் தஞ்சாவூர் பொம்மையாகத் தலையாட்டுவார்கள். கல்யாணமான நாள்முதல் நான் சொன்ன எதற்கும் தலையாட்டாத மாமியார், டொம்லூர் மேம்பாலத்தில் வரிசையாக ஆமோதித்துக்கொண்டே வந்தார்.

ஓட்டுவதை ஒருவழியாகப் பழகிவிடலாம். நிறுத்துவது அப்படியில்லை. அல்சூரில் எங்கள் தெருவில் பாதிக் கேட்டுகளில் 'வண்டி நிறுத்தினால் காற்றுப் பிடுங்கப்படும்' என்று பலகை தொங்குகிறது. மீதிப் பேர் பலகைக்குச் செலவழிக்கவில்லை. பொதுச்சாலையில் பூந்தொட்டி வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டுப் பாட்டி வைத்திருந்தது சிமென்ட் தொட்டி. உள்ளே ஒரு காய்ந்த துளசி, பக்கத்தில் துணைக்கு ஒரு உடைந்த அம்மிக்கல். பாட்டியிடம் கார் கிடையாது. சைக்கிள்கூடக் கிடையாது.

"யாருக்காகப் பாட்டி இந்த இடம்?"

"என் பேரன் அமெரிக்காவுல இருந்து வந்தா எங்கப்பா நிறுத்துவான்?"

வரும்போது காரோடு வருவானா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். கடைசியில் ஓர் உடன்பாடு: தொட்டியைப் பாட்டி நகர்த்துவார், திங்கட்கிழமைதோறும் நான் அவரை மல்லேஸ்வரம் காடு மல்லேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும். முன்சீட்டு அவருக்கு. ஏ.சி. கூடாது, காதில் குத்துகிறதாம். பிரேக் போட வேண்டிய இடத்தையும் அவரே சொல்லிவிடுவார், கன்னடத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.

இப்போது டிக்கியில் அவருடைய குடை, செருப்பு, தேங்காய்ப் பை எல்லாம் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. போன திங்கள் இறங்கும்போது சொன்னார்: "வண்டி பரவாயில்லப்பா. அடுத்தது வாங்கும்போது கொஞ்சம் உயரம் கம்மியாப் பாரு. எனக்கு ஏற முடியல."