வாக்குறுதிக் கணக்கப்பிள்ளை

நியூசிலாந்தின் மேற்கு ஆக்லாந்திலுள்ள வெஸ்ட்கேட்டின் வாக்குறுதிக் கணக்கப்பிள்ளை, 2022 செப்டம்பரில் அங்கே திறக்கப்பட்ட காஸ்ட்கோ பேரங்காடியின் வாசலில், உறைந்த இறால் வாங்கி வருபவரையே தேர்ந்து மறிப்பார். ஏனெனில் நிறைந்த தள்ளுவண்டியோடு எவராலும் ஓட முடியாது. அவர் கையிலிருப்பது நிலுவைக் கொப்பி, அதாவது அரசியல் சீர்திருத்தம் குறித்து இலங்கையை ஆண்ட கொழும்பு அரசுகள் கொடுத்த வாக்கு, சொன்ன தவணை, தவறிய நாள் என மூன்று பத்திகளாகக் கோடு கிழித்து, அடகுக்கடைக்காரரின் பொறுமையோடு அவர் எழுதிவரும் பேரேடு.

அதன் முதற்பக்கம் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறைக்கு உரியது. இது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஒருவரிடமே பேரதிகாரத்தைக் குவித்த ஏற்பாடு. இதனை 1995 ஜூலை 15க்குள் ஒழிப்பதாக முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 1994இல் சொன்ன தவணையைக் கணக்கப்பிள்ளை ஆண்டுதோறும் திவசம்போல் நினைவுகூருவார். ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன காலத்தில் 2015இல் வந்த 19ஆம் திருத்தம் அவ்வதிகாரத்தைக் குறைத்தபோது அதனைப் பகுதிக் கொடுப்பனவாக வரவு வைத்தார். 2020இல் 20ஆம் திருத்தம் அதைப் பறித்ததும் சிவப்பு மையால் வெட்டினார். 2022இல் 21ஆம் திருத்தம் ஓரளவு திருப்பிக் கொடுத்தபோது, வெட்டியதன்மேல் எழுத இடமின்றி ஒட்டுத்தாள் சேர்த்தார். 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 இடங்களை வென்றதும், மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை இல்லை என்ற சாக்குக்கென ஒதுக்கியிருந்த பக்கத்தைப் பசை போட்டு மூடினார். மூன்றாண்டுக்கென 1979இல் வந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டமும், 2018இல் ஆயுள் முடிந்தபின் தேர்தலின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்த வட மாகாண சபையும் அடுத்தடுத்த பக்கங்கள்.

எழுதியவை அனைத்தும் உண்மை என்பதே அவரைச் சகிப்பதைக் கடினமாக்குகிறது. கேட்பவரின் மறதியை நம்பியே வாக்களிக்கும் அரசுகளுக்கு இத்தகையவர் ஊருக்கு ஒருவர் தேவை.

ஆனால் இலங்கைத் தேர்தலில் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழியில்லை. நியூசிலாந்திலோ நிரந்தர வதிவுரிமை பெற்று ஓராண்டு தொடர்ந்து வாழ்ந்தவருக்கும் வாக்குண்டு, வாக்காளராகப் பதிவதும் சட்டப்படி கட்டாயம், நாடாளுமன்றத் தேர்தலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை வருகிறது. மேற்கு ஆக்லாந்துக்குப் பத்தாண்டில் இலகு ரயில் வரும் எனத் தொழிற்கட்சி 2017இல் கொடுத்த வாக்குக்குக் கொப்பியில் ஒரு வரியும் இல்லை. 16ஆம் இலக்க நெடுஞ்சாலை நெரிசலில் காலைதோறும், கொழும்பு நாடாளுமன்ற விவாதத்தைக் கேட்டபடியே அவர் ஊர்கிறார். இதைச் சுட்டினால், “வாற தேர்தலுக்குள்ள கட்டாயம் பதியிறன், தம்பி” என்பார். சென்ற தேர்தலுக்கு முன்பும் அவ்வாறே சொன்னார். அதை எழுதிவைக்கத் தம்பியிடம் கொப்பி இல்லை, இறாலும் உருகிவிட்டது.