குழாயைக் காக்கும் கொழுப்பு

கேள்வி: எடைக் குறைப்பு ஆபரேஷன் வயிற்றில்தானே செய்கிறார்கள்? ரத்தக் குழாய்க்கும் நல்லது என்கிறாரே என் மைத்துனர், நிஜமா?
(வாசகர், சிவகாசி)

பதில்: மைத்துனர் சொல்வதையும் சில சமயம் நம்பலாம்! நூல் கனமே உள்ள சிறு தமனிகளைச் சுற்றிக் கொஞ்சம் கொழுப்பு ஒட்டியிருக்கும். ஒல்லியானவர்களிடம் குழாய் இறுகாமல் பார்த்துக்கொள்வதே அந்தக் கொழுப்புதான். உடம்பு பருத்தால் அதில் அழற்சி கண்டு, வேலையை விட்டுவிடுகிறது. குழாய் இறுகும், ரத்த அழுத்தம் ஏறும். மான்செஸ்டர் ஆய்வாளர்கள், ஆபரேஷனுக்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் தோலடியிலிருந்து சிறு தமனிகளை எடுத்துச் சோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். அழற்சி தணிந்து, கொழுப்பு மறுபடி வேலைக்கு வந்திருந்தது. இத்தனைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அப்போதும் குண்டாகத்தான் இருந்தார்கள்!

அதற்காக நேரே கத்திக்குப் போய்விடாதீர்கள். பகலெல்லாம் அச்சாபீஸில் உட்கார்ந்த வேலை, ராத்திரி விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா என்றிருந்தால் முதலில் மாற வேண்டியது அதுதான். ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 27.5-லிருந்துதான் ஆபரேஷன் பேச்சே. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது; மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போய் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிட்டு வாருங்கள், இந்த வாரமே.