எழாக் கணினி ஆராய்ச்சி: நிலாவெளிப் படலம்

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறக்குறைய 16 கிலோமீற்றர் தொலைவில், கடற்காற்றும் உப்பளமும் தத்தம் பங்கு உவர்ப்பை ஊருக்கு வழங்கிநிற்கும் நிலாவெளியில், எம் இல்லத்து விறாந்தையில் வீற்றிருக்கும் மேசைக் கணினியானது, சென்ற மாரியில் ஒருநாட் காலை, ஆளியை அழுத்த விசிறி சுழன்று விளக்கும் ஒளிர்ந்தபின், திரைமட்டும் இருண்டு கிடக்க, ‘பீப், பீப், பீப்’ என மும்முறை ஒலித்து மௌனமுற்ற விருத்தாந்தமே இவ்வாராய்ச்சிக்கு நிமித்தமாயிற்று.

இப்பொருளின்கண் முன்னோர் செய்தது யாதெனின், இச்சாதனத்தின் பெயர் ‘கணினி’யா ‘கணனி’யா என்னும் வாதமேயாம். அவ்வாதத்தில் முதுமை எய்திய பண்டிதர் இருவரை யான் அறிவேன். இருவர் வீட்டுப் பெட்டியும் இன்றளவும் எழவில்லை.

எழாமை பலவகைப்படும். சொருகி சுவரிற் பொருந்தாமை ஒன்று. அது ஆராய்ச்சியாளனுக்கு இழுக்கு, ஆயினும் யாரும் பாராதபோது பார்த்துக்கொள்க. மின்னின்மை பிறிதொன்று, 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த ஒரு குரங்கே நாடெங்கும் இருள் சூழக் காரணம் என அமைச்சரே உரைத்தமையால், அதனை விலங்கியலார்க்கு விட்டுவிடுகிறேன். பூச்சி புகுதல் மூன்றாவது. 1947 செப்டெம்பர் 9இல் ஹார்வர்ட் மார்க் 2 என்னும் இயந்திரத்தில் அகப்பட்ட விட்டில் ஏட்டிலே ஒட்டப்பெற்றுச் சரித்திரம் எய்தியது. எம் பெட்டியில் அகப்பட்ட பல்லிக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

இனி, ஒலியிலக்கணம். மின் பெற்றவுடன் இயந்திரம் முதற்கண் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். திரை விழிக்குமுன்னரே பழுது கண்டால், அதனைச் சொல்ல வேறு வாயின்மையால் ஒலித்துக் காட்டும். அவ்வொலிகள் நெடில் குறில் எனப் பகுக்கப்பட்டிருத்தலை மேலைநாட்டார் தம் கண்டுபிடிப்பென மயங்குவர். அசை பிரித்து அலகிடக் கற்ற தமிழ்மகனோ மயங்கான். அவார்ட் என்னும் தொடக்கநிரல் மரபில் ஒரு நெடிலும் இரு குறிலும் திரையை இயக்கும் அட்டையின் பழுதைக் குறிக்கும்; அது நேர்நிரை, ஆகவே கூவிளம். அமி என்னும் பிறிதொரு மரபில் மூன்று குறில் நினைவகப் பழுது. அது நிரைநேர், ஆகவே புளிமா. எம் கணினிக்கு நேர்ந்தது புளிமா என்பது என் துணிபு. (பெரியப்பா: வாய்மொழி, சாய்மனைக் கதிரை, முற்பகல், உடன்பாடு.) ஒலித்தது நான்கு குறில், ஆகவே கருவிளம், எனவே பழுது நேரமளக்கும் உறுப்பிலே என்பார் மச்சான். (படலையடி வெளியீடு, ஒருகால் சைக்கிளில், மறுகால் நிலத்தில்.) நாலாவது ஒலி அடுத்த வளவில் மீன்வியாபாரி அடித்த ஹோர்ன் என்று அதனை மறுத்தார் பெரியப்பா. (அதே கதிரை, திருத்திய பதிப்பு, தேநீருக்குப் பின்.) மீன்வியாபாரி அன்று வரவேயில்லை என்பது மாமியின் சாசனம். (குசினி, கரியெழுத்து, பாற்கணக்கு எழுதும் கதவின் உட்புறம், மேலிருந்து மூன்றாம் வரி, ஈரத்தாற் சிதைந்தது, அதன்கீழ் பிற்காலக் கையெழுத்தில், ‘நான் அப்பவே சொன்னனான்’.) வரி சிதைந்தமையால், வரவில்லை என்றது வியாபாரியையா பாற்காரனையா என்பதில் உரையாசிரியர்கள் இன்றும் வேறுபடுகின்றனர்.

இவ்வண்ணம் கருத்து முதிர்ந்துகொண்டிருந்த வேளையில், பத்தாம் வகுப்பில் வாசிக்கும் என் தங்கை மகள், “மாமா, கொஞ்சம் தள்ளுங்கோ” என்று வந்து, சொருகியைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, நினைவகப் பலகையை உருவி, அதன் விளிம்பிலே வரிசையாயிருக்கும் உலோகப் பற்களைத் தன் அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதி, மீண்டும் ‘டிக்’கென அமர்த்தினாள். உப்புக் காற்றால் அப்பற்களிற் படியும் மென்படலம் மின்தொடுகையைத் தடுக்கும், தேய்த்தால் நீங்கும். கணினி எழுந்தது. இம்முறை ஆராய்ச்சிநெறிக்கு ஒவ்வாதாகலின் அடிக்குறிப்பாக இடத்தக்கது. எம் ஏட்டில் அடியில் இடமில்லை.

எழுந்த கணினி தன் திகதியை 2009 ஜனவரி 1 என்று காட்டியது. மின் இல்லாப்போதும் கடிகாரத்தை ஓட்டும், காசுக்குற்றி போன்ற 3 வோல்ற் பற்றரி சீவன் விட்டிருந்தது. புதியது வாங்க நகருக்குச் செல்ல மழை விடவில்லை. ஆகவே இக்கட்டுரையும் அத்திகதியிட்ட கோப்பாகவே சேமிக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் இதன் காலத்தை நிர்ணயிக்க முற்படும் அறிஞர் பெருமக்களைப் பணிந்து வேண்டிக்கொள்வது ஒன்றே: அந்தக் குரங்கை இடைச்செருகல் என்று நீக்கிவிடாதீர்கள்.