கத்துகிற பெல்ட்டைப் பல்லாண்டு பேணுவது எப்படி?

பூனாகலையில் பழைய கார் வைத்திருக்கிறீர்கள். அப்படியென்றால் அதன் பொனட்டுக்குள் ஒரு பெல்ட் கத்திக்கொண்டிருக்கிறது, கேட்கவே வேண்டியதில்லை. ஸ்ரீ நம்பர் கொரோலாவோ, ட்ராட் சன்னியோ, டப்பா லான்சரோ, பனி விழுந்த விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் அரை நிமிடம் கிறீச்சென்று லயம் முழுவதையும் எழுப்பிவிட்டுத்தான் வாயை மூடும்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்கள் மறுபடி இறங்க 2025 பெப்ரவரி ஆனது. இடைப்பட்ட காலத்தில் நாட்டிலிருந்த பழைய கார்களுக்கெல்லாம் விலை ஏறியது, கவனிப்பு மட்டும் ஏறவில்லை. இந்த வழிகாட்டி அந்த மரபைக் கட்டிக்காப்பதற்காகவே எழுதப்படுகிறது. கட்டை விரலும் இரண்டு நிமிடமும் இருந்தால் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்களுடைய கார்கள் கத்துவதில்லை. அவர்களோடு நமக்கு என்ன பேச்சு?

1. எப்போது கத்துகிறது என்று மட்டும் கவனித்துவிடாதீர்கள்.

இதுதான் அத்திவாரம். இங்கே கோட்டை விட்டால் மற்ற எல்லாம் வீண், ஏனென்றால் நேரமே பாதி விடையைச் சொல்லிவிடும். ஸ்டார்ட் பண்ணியதும் கத்தி, கொஞ்சத்தில் அடங்கினால், ஸ்டார்ட்டர் உறிஞ்சிய மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்க ஆல்டர்னேட்டர் மூச்சுப்பிடித்து இழுக்கிறது, தளர்ந்த பெல்ட் அந்தப் பாரத்தில் வழுக்குகிறது என்று அர்த்தம். பேட்டரி பலவீனமாக இருந்தால் கத்தல் இன்னும் நீளும். ஹெட்லைட் இரண்டையும் போட்டவுடன் கத்தினாலும் ஆள் அதே ஆள்தான்: 55 வாட் பல்பு இரண்டு என்றால் ஆல்டர்னேட்டர் தலையில் கூடுதலாக ஒன்பது அம்பியர். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடிக்கும்போது மட்டும் கத்தினால் பவர் ஸ்டியரிங் பெல்ட். நீளமாகக் கத்தாமல் குருவி மாதிரி விட்டுவிட்டுக் கீச்சிட்டு, எஞ்சின் வேகம் கூடக்கூடக் கீச்சும் அடுக்கடுக்காக வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை.

இதெல்லாம் தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும். ஆகவே யார் கேட்டாலும் “சும்மா கத்துது பாஸ்” என்று மட்டும் சொல்லப் பழகுங்கள்.

2. காரை நன்றாகச் சூடாக்கிக்கொண்டுதான் கராஜுக்குப் போங்கள்.

பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்குப் போய்ச் சேருவதற்குள் பெல்ட் காய்ந்து, சூடேறி, பேட்டரியும் நிறைந்து, சத்தம் அடங்கியிருக்கும். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி கார் நிற்கும். கராஜ் பாஸ் காதைக் கொடுத்துப் பார்ப்பார். “இப்ப கத்தல்லையே மாத்தயா?” என்பார். “காலையில கத்துது” என்று சொல்லுங்கள். “அப்ப காலையில கொண்டாங்க” என்பார். சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்புங்கள். முதல் நாள் இரவே காரை அங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் வரலாம், பாஸ் விடியற்காலைக் குளிரில் தானே ஸ்டார்ட் பண்ணிக் கேட்பார் என்ற யோசனை வந்தால், பஸ்ஸில் இருக்கும் கூட்டத்தை நினைத்து அதை விரட்டிவிடுங்கள்.

3. சந்தியில் வைத்து பொனட்டைத் திறவுங்கள்.

உங்கள் வீட்டு முற்றத்தில் திறந்தால் நீங்கள் ஒருவர்தான் பார்க்க முடியும். சந்தியில் என்றால் மூன்று த்ரீவீல்காரர்கள், பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு கணக்கப்பிள்ளை, வெற்றிலை வாங்க வந்த மாமா ஒருவர், ஆளுக்கு ஒரு கருத்து. “டைமிங் பெல்ட் போச்சு தம்பி, இனி ஓட்டாதீங்க” என்று ஒருவர் சொல்லுவார். டைமிங் பெல்ட்டுக்குப் பல் உண்டு, அது பல்லைப் பிடித்து ஓடுவது, இப்படி வழுக்கிக் கத்துகிற சாதி அல்ல என்று எதிர்வாதம் செய்யாதீர்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது அழகில்லை. “எஞ்சினே செய்யணும்” என்கிறவரை மட்டும் தனியாக மதித்து, டீ வாங்கிக் கொடுங்கள். கடைசியில் அவர் சொன்னதுதான் நடக்கப் போகிறது.

4. சத்தத்துக்கு வைத்தியம் பாருங்கள், பெல்ட்டுக்கு அல்ல.

இந்தப் படியில் அவசரப்படாமல் நின்று நிதானமாகச் செய்யுங்கள். வழிகள் ஏராளம்.

முதலில் சவுக்காரம். துவைக்கிற கட்டியை எடுத்து பெல்ட்டின் ஓரத்தில் தேயுங்கள். ஒரு வாரம் அமைதி கிடைக்கும், மழை பெய்தால் ஒரு நாள். அடுத்தது குழந்தைப் பவுடர். இது மணமாகவும் இருக்கும். அதற்கடுத்தது தேங்காய் எண்ணெய். எண்ணெய் பட்டதும் சத்தம் அந்த நொடியே நிற்கும், பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். பெல்ட் பிடிப்பதை விட்டுவிட்டதால்தான் கத்துவதையும் விட்டது என்பது யாருக்கும் தோன்றாது. ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதி, மெத்தென்று ஆகி, முன்னைவிட மோசமாக வழுக்க ஆரம்பிக்கும்போது உங்களிடம் இன்னும் நிறைய எண்ணெய் இருக்கும். டெப்பட் கவர் கேஸ்கட்டில் ஏற்கனவே கசிவு இருந்தால் உங்களுக்கு அந்தச் செலவும் மிச்சம். எஞ்சினே பெல்ட்டுக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளும்.

இன்னும் உயர்ந்த வைத்தியம் வேண்டுமென்றால் தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பிட்டரைப் பிடியுங்கள். பழைய ஸ்டோர்களில் உயரத்தில் நீண்ட ஷாஃப்ட் ஒன்று ஓடும். அதிலிருந்து அகலமான தட்டைப் பெல்ட்டுகள் இறங்கி மெஷின்களைச் சுற்றும். அந்தப் பெல்ட் தன் முழு முகத்தாலும் புல்லியைப் பிடிப்பது, ஆகவே ஒட்டுகிற மெழுகு பூசினால் வழுக்காது. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது அது, சரியாகச் செய்தது. உங்கள் காரின் வீ பெல்ட்டோ இரண்டு பக்கச் சரிவாலும் பள்ளத்துக்குள் ஆப்பு மாதிரி இறுகிப் பிடிப்பது. இதற்கு மெழுகு பூசினால் புழுதியெல்லாம் வந்து அப்பிக்கொள்ளும், தோட்டத்து மண் ரோட்டில் புழுதிக்கு என்ன பஞ்சம். வித்தியாசத்தை அவரிடம் கேட்டால் விளக்கிவிடுவார், கேட்காதீர்கள். மெழுகை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஸ்டோரில் சுழலுகிற சில்லுகளுக்கெல்லாம் காவல் ரோதைமுனி. அவரிடமும் ஒரு விண்ணப்பம் போடுங்கள், எலுமிச்சம்பழம் வெட்டுங்கள், கற்பூரம் காட்டுங்கள். பிட்டர் முதலில் ஸ்பெனரை எடுத்து பெல்ட்டுகளைப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அதன் பிறகுதான் முனிக்கு முன்னால் வந்து நிற்பார். நீங்கள் நேரே கற்பூரத்துக்குப் போய்விடுங்கள்.

5. ஒரு போத்தல் தண்ணீரை வைத்துச் சோதிக்காதீர்கள்.

எஞ்சின் ஓடும்போது, கையையும் சட்டையையும் தள்ளி வைத்துக்கொண்டு, கத்துகிற பெல்ட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும், விஷயம் அம்பலமாகிவிடும். சத்தம் சட்டென்று அடங்கி, காய்ந்ததும் திரும்பி வந்தால் பெரும்பாலும் புல்லி கோணல். தண்ணீர் பட்டதும் இன்னும் பலமாகக் கத்தினால் பெல்ட் தளர்ச்சி. எஞ்சினை நிறுத்தி பெல்ட்டைக் கழற்றி, ஆல்டர்னேட்டர் புல்லியையும் வாட்டர் பம்ப் புல்லியையும் கையால் சுற்றினால் பேரிங் கரகரப்பதும் ஆடுவதும் தெரிந்துவிடும். புல்லிப் பள்ளத்தின் அடி கண்ணாடி மாதிரி பளபளத்தால் பெல்ட் தேய்ந்து அடியைத் தொடுகிறது, அதோடு அதன் காலம் முடிந்தது. செலவு ஒரு சதமும் இல்லை. செலவில்லாத சோதனையை எந்த மனிதன் நம்புவான்?

6. இறுக்குவதென்றால் அலவாங்கால் இறுக்குங்கள்.

பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் பத்துப் பன்னிரண்டு மில்லிமீற்றர் உள்வாங்க வேண்டும் என்பது அநேகமான பழைய கார்களின் கணக்கு. ஒரு விரல் தடிப்புக்குக் கொஞ்சம் குறைவு. விரலை நம்பாதீர்கள். அலவாங்கை ஆல்டர்னேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் கொடுத்து, மச்சானைக் கூப்பிட்டுத் தொங்கச் சொல்லுங்கள். பெல்ட் தம்பூரா நரம்பு மாதிரி நாதம் தரும் வரை விடாதீர்கள். அன்றோடு கிறீச் போய்விடும். சில மாதத்தில் ‘ஙொய்’ என்று வேறொரு சத்தம் வரும். அது ஆல்டர்னேட்டர் பேரிங். வாட்டர் பம்ப் அடியில் தண்ணீர் சொட்டும். அது வாட்டர் பம்ப் பேரிங். இரண்டும் புதிய நோய்கள், பெல்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

7. புது பெல்ட் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோகாதீர்கள்.

கடையில் போய் “சன்னிக்கு ஒரு பெல்ட்” என்று கேளுங்கள். எந்தச் சன்னி, எந்த எஞ்சின், ஏசி உண்டா என்று கடைக்காரர் கேட்டால் கோபப்படுங்கள். பெல்ட்டின் முதுகில் அளவு அச்சிட்டிருக்கும், அதை வாசிக்கத் தேவையில்லை. ஒரு அளவு நீளமாக இருந்தால் மாட்டுவது சுலபம் என்ற நியாயத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்குகிற கை அதன் வெட்டின் கடைசிக்கே போன பிறகும் பெல்ட் தொளதொளவென்று கிடக்கும். படி நான்குக்குத் திரும்புங்கள்.

8. ஆல்டர்னேட்டரை மாற்றுவதென்றால் பஞ்சிகாவத்தைச் சாமானாக இருக்கட்டும், ஆனால் வேறு மொடலுடையதாக இருக்கட்டும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமான் இல்லை, சரியானதும் கிடைக்கும். நீங்கள் ‘கிட்டத்தட்ட’ பொருந்துகிறதை வாங்குங்கள். பிராக்கெட்டை அரத்தால் ராவி, வொஷர் ஒன்றை விட்டுவிட்டு முடுக்கினால் புல்லி இரண்டு மூன்று மில்லிமீற்றர் தள்ளி உட்காரும். ஒரு நேர்ச்சட்டத்தை இரண்டு புல்லிகளின் முகத்திலும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுகிற கோணல்தான். தச்சு வேலைக்காரருக்குத்தானே சட்டம், நமக்கு எதற்கு?

9. நீண்ட நாள் ஓட்டாமல் போடுங்கள்.

2022இல் பெற்றோலுக்குக் கியூ.ஆர். அட்டை வந்து காருக்கு வாரம் 20 லீட்டர் என்று அளந்து ஊற்றிய நாட்களில் இதை நாடே பயின்றது. கார் நின்ற இடத்தில் நின்றது. புல்லியில் பெல்ட் படாத இடமெல்லாம் துரு ஏறியது, பெல்ட் அதே வளைவில் விறைத்தது. பிறகு ஸ்டார்ட் பண்ணியபோது எழுந்த ஓலத்துக்கு எல்லாரும் பெற்றோலைத்தான் திட்டினார்கள். அந்தத் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தவர்களை நான் பார்த்ததில்லை.

10. சத்தத்துக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

இது நினைப்பதைவிடச் சுலபம். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டினால் போதும். அனுகூலங்களையும் எண்ணிப் பாருங்கள்: தோட்டத்து ஒற்றை ரோட்டில் முடக்குக்கு முடக்கு ஹோர்ன் அடிக்கத் தேவையில்லை, கொழுந்து லொறிக்காரர் உங்களைத் தூரத்திலேயே அறிந்து ஒதுங்குவார். பிள்ளைகள் நீங்கள் வருவதற்குள் புத்தகத்தை விரித்துவிடுவார்கள். கோயில் திருவிழாவுக்குக் கொஞ்சம் பிந்திப் போனாலும் வந்துவிட்டது எல்லாருக்கும் தெரியும்.

11. ஒருநாள் சத்தம் தானாக நின்றுவிடும். கொண்டாடுங்கள்.

அநேகமாகக் கொஸ்லந்தையிலிருந்து பூனாகலைக்கு ஏறும்போது நடக்கும். பொனட்டுக்குள் சாட்டை வீசியது மாதிரி ‘பட்’ என்று ஒன்று கேட்கும், பிறகு முழு அமைதி. டாஷ்போர்டில் பேட்டரிப் படம் சிவப்பாக எரியும், பேட்டரிக்குத்தான் ஏதோ என்று விட்டுவிடுங்கள். பழைய கொரோலா மாதிரிக் கார்களில் அந்த ஒரே பெல்ட்தான் விசிறியையும் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றியது, இப்போது மூன்றும் ஓய்வில். சூட்டு முள் மேலே போகும். ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி எடுப்பது கஷ்டம், ஆகவே இரண்டாம் கியரில் மிதியுங்கள். ஆவி எழுந்த பிறகு நிறுத்துங்கள். இறங்கி, கொழுந்துச் சாக்குக் கட்டுகிற கயிற்றை வாங்கிப் புல்லியில் முடிச்சுப் போட்டுப் பாருங்கள். முதல் சுற்றிலேயே அது விசிறியில் சிக்கும். டிக்கியில் ஒரு பெல்ட்டும் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பெனரும் கிடந்திருந்தால் கால் மணி நேர வேலை. ஆனால் அங்கே ஸ்டெப்னியும் எலுமிச்சம்பழமும் மட்டும்தான் இருக்கின்றன.

ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட் வளைந்திருக்கும், லேத்துக்குப் போய் வரும். சந்தியில் டீ வாங்கிக் கொடுத்தவரிடம் போய் “அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

12. விற்றுவிடுங்கள்.

புதுப் பெல்ட் போட்டு இரண்டு வாரத்தில், ஹெட் கழற்றியபோது அசைந்த பிராக்கெட்டின் புண்ணியத்தில், காலைக் கத்தல் மறுபடி வந்திருக்கும். கவலை வேண்டாம். வாங்குகிறவரைப் பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள், ஒன்பதரைக்கே ஸ்டார்ட் பண்ணி ஓடவிடுங்கள். அவர் வரும்போது கார் பூனை மாதிரி இருக்கும். “எஞ்சின் புதுசா செஞ்சது” என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. பெரும்பாலானவர்கள் டயரை உதைப்பார்கள், கதவை இரண்டு தரம் அடித்துப் பார்ப்பார்கள், கசெட் வேலை செய்யுதா என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லி முற்பணம் வாங்குங்கள்.

சிலசமயம் ஒருவர் வருவார். ஒன்றும் பேசமாட்டார். பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, “இப்பதான் ஓட்டினீங்களோ?” என்பார். எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பொனட்டைத் திறந்து, பெருவிரலை பெல்ட்டின் நடுவில் வைப்பார். அவருக்கு விற்காதீர்கள். கார் இன்றைக்குத்தான் விலை போனது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.