சீனாக்காரன் மேல ஏன்டா பழி போடுத?

வாலே பேராண்டி! ராத்திரி பூரா கட்டிலுக்கும் கொல்லைக்குமா நடையா நடந்தியாமே, ஆச்சி சொன்னா. அந்த நடையைக் காட்டுப்பக்கம் நடந்திருந்தா ரெண்டு வரப்பாவது வெட்டியிருக்கலாம். சரி, அந்த உப்பும் சீனியும் போட்ட தண்ணியைக் கொஞ்சங் கொஞ்சமாக் குடி. குடிச்சிக்கிட்டே கேளு.

காலையில பரோட்டா, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் வண்டிக்கடையில கோபி மஞ்சூரியன், ஃபிரைடு ரைஸு. வயிறாலே அது, பஞ்சாயத்துக் குப்பைத்தொட்டியா? இப்ப என்னன்னா, "சீனாக்காரன் சாப்பாடே இப்படித்தான் தாத்தா, அஜினமோட்டோ"ன்னு எவன் தலையிலயோ பழியைத் தூக்கிப் போடுத.

பட்டாளத்துல இருந்தப்ப நான் கல்கத்தாவுல கிடந்தவன். அங்க டாங்க்ரான்னு ஒரு பேட்டை, ஹக்கா சீனர்கள் தோல் பதனிட்டுப் பிழைச்ச இடம். 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியிலயே டோங் அச்சியூன்னு ஒரு சீனர் வெள்ளைக்காரக் கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ்கிட்ட நிலம் வாங்கிச் சர்க்கரை ஆலை வச்சாரு. அவருக்குப் பின்னால வந்து சேந்த சனம் நம்ம ஊர் நாக்குக்குத் தக்கன சமைக்கப் பழகுச்சு. அந்தக் கல்கத்தாவுல பிறந்த நெல்சன் வாங், 1975-ல பம்பாய் கிரிக்கெட் கிளப்புல இஞ்சி, பூண்டு, பச்சமிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதிலா சோயா சாஸை ஊத்தி, சோளமாவு கரைச்சு விட்டாரு. பிறந்துச்சு சிக்கன் மஞ்சூரியன். கோழி இருந்த இடத்துல காலிஃபிளவர் ஏறுனது பொறவு. மஞ்சூரியாவுக்கே போயி ஒரு பிளேட்டு கோபி மஞ்சூரியன் கேட்டுப் பாரு, திருதிருன்னு முழிப்பான்.

அஜினமோட்டோவா? அந்த ருசி உப்பு ஜப்பான்காரன் சமாச்சாரம்லே. 1908-ல இகேடான்னு ஒரு வாத்தியார் கடல்பாசிச் சாத்துலேருந்து பிரிச்சது. 1968-ல அமெரிக்காவுல ஒரு டாக்டரு, சீன ஹோட்டல்ல தின்னா கழுத்து மரத்துப் போவுதேன்னு மருத்துவப் பத்திரிகைக்குக் கடுதாசி எழுதுனாரு. ஒயினா, உப்பா, அஜினமோட்டோவான்னு சந்தேகமாத்தான் கேட்டாரு. ஊரு உலகம் தீர்ப்பே எழுதிருச்சு. அப்புறம் சோதிச்சுப் பாத்தும் உறுதியா ஒண்ணும் ருசுவாகல.

அப்ப குத்தவாளி யாரு? நேத்து நானும் அந்த வண்டிக்கடைக்குப் பக்கத்துலதான் டீ குடிச்சேன். மாஸ்டர் கடாயைத் தூக்கிப் போட, தீ ஆளுசரத்துக்கு எழும்ப, நீ வாயைப் பொளந்து பாத்த. நான் வண்டிக்கு அடியில பாத்தேன். மத்தியானம் வடிச்ச சோறு, உதிரி உதிரியா இருக்கணும்னு அகலப் பேசின்ல ஆறிக் கிடக்கு. மேல ஒரு ஈரத்துணி, அதுக்கு மேல ஈ. அப்பவே சொல்லக்கூடாதாங்கியா? சொன்னாக் கேக்குற வயசா உனக்கு!

பாசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி உண்டு. சோத்தை வேகவச்சாலும் அதோட வித்து சாகாது. வெதுவெதுன்னு ஆறிக் கிடக்கையில முளைச்சுப் பெருகி விஷத்தைக் கக்கிரும். பொறவு எந்தத் தீயில போட்டுப் பொரட்டுனாலும் விஷம் போகாது. 1970-கள்ல இங்கிலாந்துல சனங்க இப்படித்தான் ஃபிரைடு ரைஸைத் தின்னுட்டு வாந்தி எடுத்தாங்க. தின்ன அஞ்சாறு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சிரும். உனக்கும் கணக்கு சரியாப் போச்சா?

"நீரு மட்டும் பழைய சோறு திங்கலையா"ன்னு கேக்க வாயெடுக்க, தெரியுது. என் சோத்துல தண்ணி ஊத்திப் புளிக்க வைக்கா உன் ஆச்சி. புளிப்பு ஏறுனா அந்தக் கிருமிக்கு வளரச் சிரமம். வாடை மாறிப் போச்சுன்னா அது மாட்டுக்குத்தான், எனக்கில்ல.

வாந்தி நிக்கலைன்னாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, என்கிட்ட கதை கேக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடு. தேறுன பொறவு மஞ்சூரியனைத் தின்னு, வேண்டாங்கல. ஆனா கடைக்காரன்கிட்ட அஜினமோட்டோ போட்டிருக்கான்னு கேக்காத; சோறு எப்ப வடிச்சதுன்னு கேளு. பதில் சொல்ல அவன் யோசிச்சான்னா, நீ யோசிக்காம நடையைக் கட்டு.